நண்பர்களுடன் முதல் கிராமப்புற ஓட்டம்: ஓடுபவரும் உடன் ஓடுபவரும் அறிய வேண்டியவை

கடந்த ஆண்டு மாசி மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி கடந்த வேளையில், நாற்பத்து மூன்று வயதுடைய ஒருவரை 108 ஆம்புலன்ஸ் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தது. உடைகள் முழுவதும் நனைந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன, ஆனால் தம் பெயரைச் சொல்ல அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட். பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னந்தோப்புகளுக்கும் வாய்க்கால் கரைகளுக்கும் இடையே நடைபெற்ற 10 கிலோமீட்டர் ஓட்டத்தில், எட்டாவது கிலோமீட்டரில் அவர் தள்ளாடி விழுந்திருந்தார். அதுவே அவர் வாழ்வின் முதல் ஓட்டப் பந்தயம்.

மூன்று நாட்களில் அவர் நலமடைந்து வீடு திரும்பினார். புறப்படும்போது எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. "இனிமேல் ஓடக் கூடாதென்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்" என்றார் அவருடைய மனைவி. "நான் எந்த இடத்தில் தவறினேன் என்று சொல்லுங்கள், டாக்டர்" என்றார் அவர். இவ்விரண்டுக்கும் அன்று நாங்கள் அளித்த விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அன்று நடந்தது என்ன?

ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர். மூவர் ஏற்கெனவே சில ஆண்டுகளாக ஓடிவருபவர்கள். நான்காமவரான இவர், அவர்கள் வற்புறுத்தியதால் பெயர் கொடுத்தார். மூன்று வாரங்கள் மட்டுமே பயிற்சி. அதுவும் குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தில், டிரெட்மில்லின் மீது. ஓட்டத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு காய்ச்சல். பாராசிட்டமால் மாத்திரையில் அது தணிந்தது. பணம் கட்டியாயிற்று, நண்பர்களும் காத்திருப்பார்கள் என்று புறப்பட்டுவிட்டார்.

தொடக்க விழா நீண்டதால் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் ஏழரைக்குத் தொடங்கியது. முதல் இரண்டு கிலோமீட்டர் நண்பர்களின் வேகத்திலேயே ஓடினார். பிறகு இருவர் முன்னே சென்றுவிட்டனர். அவர்களைப் பார்வையிலிருந்து தவறவிடக் கூடாது என்று இவர் தம்மை விரட்டிக்கொண்டே ஓடினார். தோப்புகளின் நிழல் முடிந்து, வாய்க்கால் கரையின் வெட்டவெளி தொடங்கிய இடத்தில் கால்கள் தடுமாறின. மூன்றாவது நண்பர் முழங்கால் வலியால் பின்தங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். இவரை அணுகி, "என்ன ஆயிற்று?" என்று கேட்டபோது, கேள்விக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்றை இவர் கோபமாகச் சொல்லியிருக்கிறார்.

அருகில் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரரும் நண்பரும் சேர்ந்து இவரைத் தூக்கிச் சென்று, தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்காரவைத்தனர். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் 108 எண்ணை அழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அவர் அத்தொட்டியிலேயே இருந்தார்.

எங்கள் பிரிவில் நாங்கள் செய்த எந்தச் சிகிச்சையையும்விட அந்த இருபது நிமிடங்களே அவரைக் காப்பாற்றின. ஆனால் அந்த நண்பர் பின்னால் வந்தது தற்செயல். அவருடைய முழங்கால் வலிக்காமல் இருந்திருந்தால் அவரும் முன்னே சென்றிருப்பார். இந்தத் தற்செயலை ஒரு முன்னேற்பாடாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

உடல் ஏன் கொதிக்கிறது?

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகிறது. எஞ்சிய மூன்று பங்கும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. வியர்வை ஆவியாகும்போது அது வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும், உடல் குளிராது. நீர் பாய்ச்சிய வயல்களுக்கும் அடர்ந்த தோப்புகளுக்கும் நடுவே காற்றில்லாத காலையில் ஓடுபவர் இதை உணரலாம்.

வெப்பம் உண்டாகும் அளவைத் தீர்மானிப்பது முதன்மையாக வேகமே. ஆதலால் மாரத்தானைவிட மிகக் குறைந்த தொலைவுள்ள 10 கிலோமீட்டர் ஓட்டத்திலும் வெப்பத்தாக்கு ஏற்படுகிறது; வெயில் கடுமையாக இல்லாத நாட்களிலும் ஏற்படுகிறது. பயிற்சியின்மை, அண்மையில் வந்த காய்ச்சல், தூக்கமின்மை, முந்தைய இரவு அருந்திய மது, உடற்பருமன் ஆகியவை இந்த ஆபத்தைப் பெருக்குகின்றன. எங்கள் நோயாளியிடம் இவற்றுள் இரண்டு இருந்தன. மேலும், வெப்பத்தில் இயங்குவதற்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை. குளிரூட்டிய அறையில் செய்த பயிற்சி அப்பழக்கத்தை அளிக்காது.

உங்கள் வேகம் எது?

கைக்கடிகாரம் காட்டும் எண்களைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே ஒரு குறளை, அதன் ஏழு சீர்களையும், திணறாமல் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுவே தொடக்கநிலையில் உங்களுக்கு உரிய வேகம். முதலடியிலேயே மூச்சு அறுந்தால் அது உங்கள் நண்பருடைய வேகம், உங்களுடையது அன்று. உடனே குறையுங்கள், தேவையானால் நடங்கள். பந்தயத்தில் நடப்பதற்குத் தடையேதும் இல்லை.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள். முதல் பந்தயம் 5 கிலோமீட்டராக இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாட்கள், இடையே ஒருநாள் ஓய்வு, பத்து நிமிட நடையுடன் தொடக்கமும் முடிவும் என்று பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரங்கள்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை.
மூன்றாம், நான்காம் வாரங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு முறை.
ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை: ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, நான்கு முறை.
ஒன்பது முதல் பன்னிரண்டாம் வாரம் வரை: இருபது நிமிடத் தொடர் ஓட்டத்தில் தொடங்கி, படிப்படியாக முப்பது நிமிடங்கள்.

ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மீண்டும் செய்யுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதங்கள் ஆகும். அவசரப்படுவோருக்கு முழங்காலிலும் கணைக்காலிலும் வலி வருவது இதனால்தான். எலும்பின் ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம்.

கடைசி நான்கு வாரங்களிலேனும் மண்பாதையில் பயிற்சி செய்யுங்கள். கிராமத்துப் பாதையில் வண்டித்தடம், கூழாங்கல், சேறு, வரப்பு எல்லாம் உண்டு. தார்ச்சாலையில் மட்டுமே ஓடிய கணுக்காலுக்கு அவை புதியவை. பாதையில் பிடிப்புள்ள காலணி தேவை. அதைப் பந்தய நாளன்று முதன்முறையாக அணியாதீர்கள்.

யார் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், இளம் வயதில் திடீரென உயிரிழந்த நெருங்கிய உறவினரைக் கொண்ட குடும்பத்தினர், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ, படபடப்போ உணர்பவர்கள், இதுவரை உடற்பயிற்சியே செய்யாத நாற்பது வயதைக் கடந்தவர்கள். இவர்கள் அனைவரும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய நாளன்று அல்ல.

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் ஓடும் நாளில் மருந்தளவை எவ்வாறு மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஓடுமுன் சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் மாவுச்சத்து உணவை உண்ட பின்னரே ஓடுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஓடி முடித்ததும் இரு பாதங்களையும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது கட்டாயம்.

காய்ச்சல் வந்தால் ஓட்டம் இல்லை. இதில் எங்களிடம் தளர்வு கிடையாது. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் கடுமையாக ஓடுவது இதயத் துடிப்பைச் சீர்குலைக்கலாம். பாராசிட்டமால் எடுத்ததனால் வெப்பம் தணிந்ததை, நோய் நீங்கியதாகக் கொள்ள வேண்டாம். கட்டிய பணம் போனால் அடுத்த ஆண்டு மீண்டும் கட்டலாம்.

தண்ணீர் எவ்வளவு?

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரையை ஓட்டக்காரர்களுக்குச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வொன்றில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடுமளவுக்கு நீர் அருந்தியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களுக்கும் இது மிகுதியாகக் காணப்பட்டது. சோடியம் மிகவும் தாழ்ந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு ஆகியவை நேரலாம்.

ஆகவே தாகத்துக்கேற்ப அருந்துங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் ஓடுவோர் உப்பிட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே அருந்தலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். குறைந்த நீரில் கரைத்துக் கெட்டியாகக் குடிக்க வேண்டாம்.

ஓட்டத்துக்கு முன்பு "வலி வராமலிருக்க" என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளை விழுங்கும் பழக்கம் பரவிவருகிறது. நீரிழப்புற்ற உடலில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். தவிர்த்துவிடுங்கள். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வெளியேறினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உடன் ஓடுபவரின் கடமை

நண்பர்களுடன் ஓடுவதை நாங்கள் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். விடியலில் எழுந்திருக்கத் தனிமனித உறுதியைவிட, தெருமுனையில் காத்து நிற்கும் நண்பர் நன்கு உதவுகிறார். ஆனால் புதியவரைத் தம் வேகத்துக்கு இழுப்பவரும் அதே நண்பரே. ஆகையால் புறப்படும் முன்பே நான்கு உடன்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று: இருவர் இருவராக ஓடுவது, புதியவரின் இணையர் அவருடைய வேகத்திலேயே இறுதிவரை ஓடுவது.
இரண்டு: யார் வேண்டுமானாலும், காரணம் கூறாமல், எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பற்றி அன்றும் பின்னரும் கேலி கூடாது.
மூன்று: ஒவ்வொருவரிடமும் கைப்பேசியும், பெயர், இரத்தப் பிரிவு, நோய்கள், மருந்துகள், வீட்டாரின் எண் ஆகியவை எழுதிய சீட்டும் இருத்தல்.
நான்கு: ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் இணையரிடம் ஓர் எளிய கேள்வி கேட்பது. இன்று என்ன கிழமை? அடுத்தது எத்தனையாவது கிலோமீட்டர்?

நான்காவதைப் பலர் விளையாட்டாக எண்ணக்கூடும். வெப்பத்தாக்கின் முதல் அறிகுறி பெரும்பாலும் மனநிலை மாற்றமே. பொருந்தாப் பேச்சு, காரணமற்ற கோபம், தள்ளாட்டம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவர் தாமாக உணரமாட்டார். அருகில் இருப்பவரே உணர முடியும். "வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஓடுபவருக்கு வரும் வெப்பத்தாக்கில் வியர்வை தொடர்ந்து வழியலாம்.

அவர் விழுந்தால்

நினைவு குழம்பி, உடல் கொதித்தால்: உடனே நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். 108 எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அப்போதே குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டி நீரில் கழுத்தளவு அமர்த்துவது மிகச் சிறந்தது. தலையை ஒருவர் விடாமல் தாங்கியிருக்க வேண்டும். கிணற்றிலோ ஓடும் வாய்க்காலிலோ இறக்கக் கூடாது. தொட்டி இல்லையேல் குடம் குடமாக நீரை உடல் முழுவதும் ஊற்றி, ஈரத்துணியால் போர்த்தி, விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் நீர் புகட்டாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைக் குறைக்காது. முதல் அரைமணி நேரத்துக்குள் உடல் குளிர்ந்துவிட்டால், பெரும்பாலோர் முழுமையாக மீள்கின்றனர்.

அழைத்தும் அசைவின்றி, மூச்சின்றிக் கிடந்தால்: அது இதயம் நின்ற நிலை. ஒருவர் 108 எண்ணை அழைக்க, மற்றவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. இது அரிதாகவே நேரும். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கே இதயம் நின்றது. அவர்களுள் 42 பேர் இறந்தனர். பிழைத்தவர்களைப் பிழைக்கவைத்த காரணங்களுள் முதன்மையானது, அருகிலிருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தியதாகும். இம்முதலுதவியை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓட்டக் குழுவில் குறைந்தது இருவரேனும் அறிந்திருக்க வேண்டும்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ வேண்டாம். அவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுங்கள்.

அவ்விரு கேள்விகளுக்கு எங்கள் விடை

அவர் எங்கே தவறினார்? காய்ச்சலுடன் புறப்பட்டதிலும், மூன்று வாரப் பயிற்சியுடன் 10 கிலோமீட்டரைத் தேர்ந்ததிலும், முதல் இரண்டு கிலோமீட்டரைப் பிறருடைய வேகத்தில் ஓடியதிலும். மூன்றும் திருத்திக்கொள்ளக் கூடியவை. அவருடைய மூன்று நண்பர்களும் இதைக் கேட்க வேண்டும் என்று கருதி, மறுவாரப் பரிசோதனைக்கு அவர்களையும் அழைத்துவரச் சொன்னோம். நால்வரும் வந்தனர்.

இனி ஓடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அவருடைய தந்தைக்கு நீரிழிவு; அவருக்கும் சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவரை நாற்காலியிலேயே அமர்த்திவிடுவதில் உள்ள ஆபத்து மெதுவாக வரும். ஆனால் உறுதியாக வரும். ஆகவே சில வாரங்கள் முழு ஓய்வு அளித்தோம். இரத்தப் பரிசோதனைகள் அனைத்தும் இயல்புக்குத் திரும்பிய பின் நடைப்பயிற்சி, அதன்பின் மேலே கூறிய பன்னிரண்டு வாரத் திட்டம் என்று படிப்படியாக அனுமதித்தோம். அவருடைய மனைவிக்கு நாங்கள் ஒரு வேலை கொடுத்தோம்: பந்தய நாள் காலையில் வெப்பமானியை அவரே வைத்துப் பார்க்க வேண்டும்; காய்ச்சல் இருந்தால் வாசற்கதவைத் தாண்ட விடக் கூடாது.

மார்கழியில் நால்வரும் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டனர். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று கேட்டோம். நாற்பத்தெட்டு நிமிடம் என்று சற்றுக் கூச்சத்துடன் சொன்னார். நால்வருக்கும் அதே நேரமா என்று கேட்டோம். ஆமாம் என்றார். எங்கள் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டோம்.